காற்றில் உட்கார்ந்த புறாக்கள்

டெல்மர் ஹோக் வீட்டுக் கொல்லையில் புறாக்கள் காற்றின் மேல் உட்காருகின்றன என்று மார்வா பிரைஸ் அம்மையார் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். கிளை கிடையாது, கம்பம் கிடையாது, வெறும் ஆகாயத்தில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தனவாம். வேறு ஊராக இருந்தால் இப்படிச் சொல்கிறவரைக் கண் டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள். மெஸ்கீட் கிளென் குடியிருப்பில் அனுப்ப மாட்டார்கள். அங்கே பாதிப் பேருக்கு கோல்ஃப் பொழுதுபோக்கு, மீதிப் பேருக்குப் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது பொழுதுபோக்கு. மார்வா அம்மையார் கோல்ஃப் ஆடுவதில்லை.

அரிசோனா வெயிலில், ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய வீடுகள். சுவருக்கு மண் நிறம் தவிர வேறு நிறம் அடிக்கக்கூடாது. குப்பை வண்டி போன பிறகும் தொட்டி வாசலில் நின்றால் கடிதம் வரும். கராஜ் கதவு திறந்தே கிடந்தால் கடிதம் வரும். ஜல்லி பரப்பிய முற்றத்தில் வேண்டாத புல் தலைகாட்டினால் அதற்கும் கடிதம் வரும். மாதம் ஒரு முறை ஆய்வாளர் வந்து வீடு வீடாகப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டுக்கு வெளியே ஆன்டெனா கட்டக்கூடாது என்பதும் விதிகளில் ஒன்று. டெல்மர் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார், படித்துவிட்டுத்தான் மீறினார்.

அவர் பிறந்தது மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், இரும்புச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஒரு சின்ன ஊரில். அப்பா சுரங்கத்தில் வெடி வைக்கிறவர், மாலையில் வீட்டில் வெடிக்கிறவர். குடித்துவிட்டு அவர் படியேறும் சத்தம் கேட்டால் பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பழைய ராணுவ ரேடியோவின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்வான். வீட்டுச் சத்தம் கேட்காமலிருக்க மாட்டிய ஹெட்போன்தான். பிறகு அதில் வந்த சத்தம் பிடித்துப்போயிற்று. தந்திக்காரர்கள் கட்டுக்கடகட என்று தட்டும் மோர்ஸ் எழுத்துகளைக் காதால் கற்றுக்கொண்டு, அரசாங்கப் பரீட்சை எழுதி, தனக்கென்று ஓர் அழைப்புக் குறி வாங்கினான். நாலைந்து எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த அந்தக் குறிதான், பொழுதுபோக்குக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரனுக்குப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வானத்தில் கூப்பிட்டால், முன்பின் தெரியாத எவனாவது எங்கிருந்தாவது பதில் கொடுப்பான். பெற்ற அப்பாவிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டறியாத பையனுக்கு இது பெரிய விஷயம்.

வளர்ந்து அதே சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன் ஆனார். நோரீனைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை இல்லை. வீட்டுப் பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு இரும்புக் கோபுரம் நட்டு ஆன்டெனா கட்டினார். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பனிக்காலம் ஆறு மாதம் நீளும் ஊரில், மனுஷன் கிறுக்குப் பிடிக்காமலிருக்க என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது எழுதாத விதி.

அந்தக் கோபுரத்தின் வழியாகத்தான் லைல் கிடைத்தான். பெரிய ஏரிக்கரைத் துறைமுகத்தில் தாதுக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் வேலை அவனுக்கு. முதலில் பேசியபோது இருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. ஹாம் ரேடியோக்காரர்கள் மீசை முளைக்காதவனைக்கூடக் கிழவா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் இளவட்டங்கள் இருவரும் ஒருவரையொருவர் கிழவா, கிழவா என்று தட்டிக்கொண்டார்கள். பிறகு நிஜமாகவே கிழவர்கள் ஆனார்கள்.

ஒருமுறை நேரில் பார்க்கலாம் என்று டெல்மர் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். பார்த்தபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஏரியையும் ஒருவர் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, கிளம்பறேன்" என்று எழுந்தபோதுதான் இருவர் முகத்திலும் உயிர் வந்தது. வீடு திரும்பி, அன்றைக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் மோர்ஸில் பேசித் தீர்த்தார்கள். லைலின் முதல் வாக்கியம், "உன் தலையில முடியே இல்லைன்னு நீ சொல்லவே இல்லையே கிழவா."

நோரீனின் நுரையீரல் கெட்டுப்போனதும் எல்லாம் மாறியது. இந்தக் குளிரில் இன்னொரு பனிக்காலம் தாங்கமாட்டாள், வறண்ட ஊருக்குக் கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். கையிலிருந்த பணத்துக்கு மெஸ்கீட் கிளென்தான் அகப்பட்டது. கோபுரத்தை டெல்மரே ஏறிக் கழற்றினார். கையெழுத்துப் போடும் நாளில் ஆன்டெனா விதியை நோரீன் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இதைப் பாத்தியா டெல்?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன, பேனாவைக் குடு."

வந்த முதல் வருடமே ஆன்டெனாவாக ஒரு கம்பியைக் கட்டிவிட்டார். தலைமுடி போல் மெல்லிய செம்புக் கம்பி, மேலே மங்கலான கறுப்புப் பூச்சு. வீட்டுக் கூரை விளிம்பிலிருந்து கொல்லை மெஸ்கீட் மரத்துக்கு இழுத்து முடிந்தார். துணி அலமாரிக்குள் இருந்த சட்டைகளை நோரீன் பக்கம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ரேடியோவையும் மோர்ஸ் தட்டும் சாவியையும் வைத்தார். காலையில் நோரீன் மூச்சுக்கு மருந்து ஆவி பிடிக்கும் நேரத்தில் இவர் அலமாரிக்குள் உட்கார்ந்து லைலோடு பேசுவார். ஆய்வாளர்கள் வந்தார்கள், போனார்கள். யார் கண்ணிலும் அது படவில்லை. போகப் போக டெல்மர் கண்ணிலும் படாமல் போயிற்று. விழித்திரை நடுவில் தேய்ந்துகொண்டே வந்து, வண்டி ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கண் நன்றாக இருந்திருந்தால் புறாக்களை அவரே முதலில் பார்த்து விரட்டியிருப்பார்.

இதற்கிடையில் லைலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சு முழுதாகப் போயிற்று. மனைவி முன்பே இறந்துவிட்டதால் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே மராமத்துப் பார்க்கிற ஆள், ஆளுக்கு ஒரு ஆசை என்று சொல்லிக்கொண்டு, ஜன்னலிலிருந்து வெளியே மரத்துக்கு ஒரு கம்பியைக் கட்டிக்கொடுத்தான். அந்த இல்லத்துக்கும் விதிப் புத்தகம் உண்டு, யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. லைல் இடது கையால் தட்டக் கற்றுக்கொண்டான். முதல் நாள் அவன் தட்டியது குழந்தை நடை பழகுவது போல் இருந்தது. டெல்மர் அலமாரிக்குள் உட்கார்ந்து அழுதார். வாயால் தண்ணீர் என்று கேட்க முடியாதவன், விரலால் இல்லத்துச் சூப்பைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து காலைப் பேச்சு டெல்மருக்குப் பொழுதுபோக்காக இல்லை. அந்த இல்லத்தில் லைலைத் தவிர மோர்ஸ் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அவன் வாய் திறக்கும் ஒரே இடம் டெல்மரின் காதுதான். இது இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

புகார் போன மறுவாரம் ஆய்வாளர் வந்தான். புது ஆள், டுவைட் ஸ்லேடர் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். சங்கத்தின் பெயர் தைத்த சட்டை, கழுத்தில் அட்டை. கொல்லைக்குப் போய் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தான். நல்ல வெயில். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குப் புறாக்களும் வரவில்லை.

"ஒண்ணும் காணோம் சார். அந்தம்மாவுக்கு வெயில் அடிச்சிருக்கும்போல" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினான். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

வாசலில் நின்றவன் டெல்மரின் தொப்பியைப் பார்த்தான். அழைப்புக் குறியைத் தைத்த தொப்பி. கம்பியை ஊர் கண்ணிலிருந்து மறைத்தவர், பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தார். இந்த ஹாம் கூட்டமே அப்படித்தான். கடைத்தெருவில் இன்னொருத்தன் பார்த்துவிட மாட்டானா என்ற நப்பாசையில் தொப்பியிலும் கார் நம்பரிலும் காப்பிக் கோப்பையிலும் குறியைப் போட்டுக்கொள்வார்கள்.

"நீங்க ஹாமா சார்?" என்றான் டுவைட். "நானும்தான்." தன் குறியைச் சொன்னான்.

டெல்மருக்கு அந்தச் சட்டையும் அட்டையும் மறைந்துபோயின. அரிசோனாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் வீட்டு வாசலில் வந்து நின்ற முதல் ஹாம். தெரியாத ஹாம் வீடு தேடி வந்தால் உள்ளே கூட்டிப்போய் ரேடியோவைக் காட்டாமல் அனுப்புவது, பசியோடு வந்தவனுக்குச் சோறு போடாமல் அனுப்புவதற்குச் சமம் என்பது இவர்கள் வழக்கம்.

"உள்ள வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை.

"டெல்" என்றாள் நோரீன் சமையலறையிலிருந்து. ஒரே ஒரு வார்த்தைதான். அதில் எல்லாம் இருந்தது. டெல்மர் காதில் விழவில்லை.

அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். தன் நாற்காலியில் டுவைட்டை உட்காரவைத்தார். அவன் ஓர் அழைப்பு கொடுத்து, கனடாவில் யாரோ ஒருவனைப் பிடித்துப் பேசினான். மோர்ஸ் தட்டுவதில் சுத்தமான கை.

"பிரமாதமா இழுக்குதே. ஆன்டெனா எங்க? நான் பாத்தேன், எனக்கே தெரியலையே" என்றான்.

ஒரு ஹாமிடம் இன்னொரு ஹாம் இதைக் கேட்டால் போதும், சொத்தையே எழுதி வைத்துவிடுவான். டெல்மர் அவனைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். பார்வை மங்கிய கண்ணோடு, கை நீட்டிய இடத்தில் சரியாகக் கம்பியைச் சுட்டிக் காட்டினார். டுவைட் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். போன இடத்திலெல்லாம் ஒருவர் ரேடியோவை இன்னொருவர் படம் எடுத்து வைத்துக்கொள்வது இவர்களுக்குள் சகஜம்தான். டெல்மர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

இரண்டு வாரத்தில் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கம்பியை அகற்ற வேண்டும், தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம், கட்டாவிட்டால் அது வீட்டின் மேல் கடனாக ஏறி வீடே கைவிட்டுப் போகலாம். கூடவே அந்தப் படம். டெல்மர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கம்பியைக் காட்டிக்கொண்டிருந்தார். நோரீன் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா வந்திருக்க" என்றாள். "நம்ம கல்யாணத்துல கூட நீ இப்படிச் சிரிக்கல."

அவர் டுவைட்டுக்குப் போன் செய்தார்.

"உனக்கு மனசாட்சி இருக்கா? என் நாற்காலியில உக்காந்து என் சாவியைத் தட்டிட்டுப் போனியே."

"சட்டையில சங்கத்து பேரைப் போட்டுக்கிட்டுதானே வந்தேன் டெல். உள்ள கூப்பிட்டது நீங்க. கம்பியைக் காட்டினது நீங்க."

"கேட்டது நீ."

"ஆர்வத்துல கேட்டேன். கேட்டு முடிச்சப்புறம்தான் எனக்கே உறைச்சுது" என்றான் டுவைட். "பாத்ததை எழுதாம விட்டா என் வேலை போயிடும். எனக்கு ரெண்டு பொண்ணு காலேஜ்ல இருக்கு. என் எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

டெல்மர் போனை வைத்துவிட்டார். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவரைச் சுட்டது. அவன் ஏமாற்றியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

சங்கக் கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். தலைவி மார்வா அம்மையார்தான். குரலில் சர்க்கரை சொட்டியது.

"உங்களை எங்க எல்லாருக்கும் பிடிக்கும் டெல்மர். ஆனா இன்னைக்கு ஒரு கம்பி. நாளைக்கு ஒருத்தர் கோபுரம் கட்டுவார். வீட்டு விலை என்னாகும்?"

"உங்க கூரையில டிவி தட்டு ரெண்டு இருக்கே. அது தெருவுல போறவனுக்கெல்லாம் தெரியுது. என் கம்பி புறாவுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

சிலர் சிரித்தார்கள். மார்வா அம்மையார் சிரிக்கவில்லை.

"டிவி தட்டைத் தடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்க கம்பிக்கு அப்படிச் சட்டம் இல்லை. நான் என்ன பண்ண?"

உண்மைதான். எந்நேரமும் பந்தாட்டம் பார்க்க இந்த நாட்டில் சட்டத்தின் துணை உண்டு. ஊமையான ஒருவனோடு பேச அந்தத் துணை கிடையாது. டெல்மர் லைலைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது, அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கூட்டத்தில் ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம்" என்றாள். "போன்ல பேசலாமே?"

"அவனுக்குப் பேச்சு வராதும்மா."

"நீங்க பேசறதை அவர் கேக்கலாமே."

கம்பியை எடுக்க வேண்டும், இந்த வீட்டிலிருந்து எதையும் ஒலிபரப்பக்கூடாது என்று முடிவாயிற்று. ஒலிபரப்பினால் அபராதம் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து கணக்காகும். ஐயோ பாவம் சொன்ன பெண்மணியும் கை தூக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் டெல்மர் தாம்தூம் என்று குதித்தார். வக்கீல் வைக்கப்போகிறேன், பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றார். நோரீன் தனக்கு மூச்சு வாங்குவது அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"டெல், நான் மூச்சு விடறதுக்குத்தான் இங்க வந்தோம். இந்த வீடு போச்சுன்னா நான் எங்க போய் மூச்சு விடறது?"

"அப்ப லைல்?"

"லைல் எனக்கும் வேண்டியவன்தான். ஆனா கையெழுத்துப் போட்டது அவன் இல்லை. நீயும் நானும்."

மறுநாள் அவரே ஏணியில் ஏறினார். நோரீன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, கம்பி எங்கே முடிகிறது என்று சொல்லிக்கொடுத்தாள். சுருட்டிப் பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கியது.

லைலிடம் போனில் சொல்லப் பார்த்தார். இல்லத்து நர்ஸ் போனை லைல் காதில் வைத்தாள். டெல்மர் வாயால் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்பூனால் மேஜையில் மோர்ஸ் தட்டினார். போனிலும் பேசலாம் கிழவா, நீயும் எதையாவது தட்டு என்றார். எதிரில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு நர்ஸின் குரல்.

"போனைத் தள்ளி விட்டுட்டார் சார். அந்தப் பெட்டி முன்னாடி போய் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டார்."

டெல்மருக்குப் புரிந்தது. ஏரிக்கரையில் காப்பியோடு உட்கார்ந்திருந்த அதே லைல்தான். ரேடியோ முன்னால் அவன் ஆபரேட்டர், எவனுக்கும் குறைந்தவன் இல்லை. போனில் அவன் வாய் கோணிய நோயாளி. அந்த நோயாளியை நண்பனுக்குக் காட்ட அவனுக்கு இஷ்டமில்லை. டெல்மராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

கேட்பதற்கு மட்டும் சங்கம் தடை போடவில்லை. அலமாரிக்குள்ளேயே ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றிவைத்து ரேடியோவை முடுக்கினார். அந்த ஊர் வீட்டுச் சுவர்களில் பூச்சுக்கு உள்ளே இரும்பு வலை வைத்திருப்பார்கள், கோழிக் கூண்டுக்குள் இருப்பது மாதிரி, ரேடியோ அலை உள்ளே வருவதே கஷ்டம். ஆனாலும் சொன்ன நேரத்துக்கு, இரைச்சலுக்கு அடியில், இடது கை மோர்ஸ் கேட்டது. டெல்மரின் அழைப்புக் குறி, திரும்பத் திரும்ப. பிறகு ஒரு இடைவெளி, பதிலுக்கு. பிறகு மறுபடியும் குறி.

பதில் தட்டலாம். அந்தத் துண்டுக் கம்பியில் தட்டினால் அடுத்த தெரு தாண்டுமா என்பதே சந்தேகம். மார்வா அம்மையார் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது, தட்டினால் அவர் டிவி கரகரக்கும். சாவியின் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டார்.

தினமும் கூப்பிட்டான். டெல்மருக்குக் கம்பி இல்லை என்பது லைலுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டான். கூப்பிட்டு, காத்திருந்து, இங்கே பனி கொட்டுகிறது, காலையில் கஞ்சி கொடுத்தார்கள், பசை ஒட்டலாம் என்று தானாகவே சொல்லிவிட்டு முடித்துக்கொள்வான். பிறகு சொல்வதும் குறைந்துபோய், குறியை மட்டும் தட்டினான். இடைவெளிகள் நீண்டன. அந்தக் கை தடுமாறத் தொடங்கியது. பேசாத நாக்கு மடங்கிப்போவது போல் விரலும் மடங்கிப்போகும் என்று டெல்மர் பயந்தார். ஒருநாள் அந்தப் பயம் அவருடைய மானத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

அந்த மாத ஆய்வுக்கு டுவைட் வந்தபோது வாசலில் நின்று காத்திருந்தார். டுவைட்டுக்குக் குடியிருப்புக்கு வெளியே, யார் விதியும் இல்லாத சொந்த நிலத்தில் வீடு. ஓங்கிய கோபுரம் வைத்திருந்தான்.

"டெல், நானே பேசணும்னு இருந்தேன்" என்றான் அவன். "சனிக்கிழமை நான் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுலேர்ந்து உங்க சிநேகிதரோட பேசுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

"உன் வண்டியில நான் ஏற மாட்டேன்."

"இன்னுமா கோவம்?"

"கோவம் போகாது. அதைப் பத்திப் பேச வரல."  டெல்மர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். "காலையில அவன் கூப்பிடுவான். என் குறியைத்தான் கூப்பிடுவான். நீ பதில் குடு. மெதுவாத் தட்டு, அவனுக்கு இடது கை. என்னால வர முடியாதுன்னு சொல்லு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லு."

டுவைட் தலையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்ததை டெல்மர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்னும் எரிச்சல் பட்டிருப்பார்.

மறுநாள் காலை லைல் கூப்பிட்டான். இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில், காதைத் துளைக்கிற மாதிரி பலமாக டுவைட்டின் குறி விழுந்தது. மெதுவாக, சுத்தமாகத் தட்டினான். டெல் அனுப்பினார், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றான்.  லைல், "காலை வணக்கம் டெல், என்னைத் தெரியாதவன்கிட்ட ஒப்படைச்சிட்டியா" என்றான். டெல்மர் அலமாரிக்குள் சிரித்துவிட்டார். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சில வாரம் நன்றாகவே போயிற்று. லைல் ஒவ்வொரு சேதியையும் "டெல், கேக்கறியா" என்று தொடங்கித்தான் டுவைட்டிடம் சொல்வான். கை தேறிவந்தது. அப்புறம் அந்தத் தொடக்கம் சில நாள் விட்டுப்போயிற்று. பாவம், எந்தப் பதிலும் தராத ஒருவனோடு எவ்வளவு நாள் பேசுவான். டுவைட் கேள்வி கேட்டான், லைல் பதில் சொன்னான். உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்கப் போய் வண்டி பனிக்குள் இறங்கிய கதையைச் சொன்னான். தனக்கு மட்டும் சொன்ன கதை என்று டெல்மர் இவ்வளவு வருடமும் நினைத்துக்கொண்டிருந்த கதை.

"ஃபோர்டு இல்லடா, டாட்ஜ்" என்று டெல்மர் அலமாரிக்குள் உரக்கச் சொன்னார். "உனக்கு மறந்துபோச்சு."

"யாரோட பேசற?" என்றாள் நோரீன் அறையிலிருந்து.

"யாரோடயும் இல்ல."

வசந்தம் வந்து, லைலின் ஊரில் பனி உருகியது. டெல்மருக்கு அது லைல் சொல்லித்தான் தெரியும். டுவைட்டிடம் சொன்னதைக் கேட்டுத்தான் தெரியும். அந்த வாரத்தில் ஒருநாள் வழக்கமான நேரத்துக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். லைல் வந்தான். கை உறுதியாக இருந்தது, பழைய வேகம்கூட வந்திருந்தது. முதல் எழுத்திலேயே டெல்மருக்குத் தெரிந்துவிட்டது. அவன் தட்டிய குறி டெல்மருடையது இல்லை. டுவைட்டின் குறியைத் தட்டினான். இரண்டு முறை தட்டி, தன் பெயரைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்தான். டுவைட் சந்தோஷமாகப் பதில் கொடுத்தான்.

டெல்மர் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். லைல் தனியாக இருக்கக்கூடாது, அவன் விரல் மடங்கக்கூடாது என்றுதான் மானத்தை விட்டு வாசலில் நின்றார். கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. அப்படியும் வயிறு எரிந்தது. கம்பியைக் கழற்றிய நாளில்கூட இப்படி எரியவில்லை. லைல் மேல் கோபப்பட அவருக்கு வாய் இல்லை. சனிக்கிழமை அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தால் குறி மாறியிருக்காது என்று நினைத்தபோது, யார் மேலும் கோபப்பட வழியில்லாமல் போயிற்று.

பேச்சு முடியும்வரை கேட்டார். அன்றைக்கு அவர் பெயர் வரவில்லை.

வெளியே வந்தபோது நோரீன் கேட்டாள். "லைல் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்" என்றார். "ரொம்ப நல்லா இருக்கான்."

மாத ஆய்வுக்கு டுவைட் வந்தான். குப்பைத் தொட்டியைப் பார்த்தான், ஜல்லியைப் பார்த்தான், கொல்லைக்குப் போய் மெஸ்கீட் மரத்தை அண்ணாந்து பார்த்தான். டெல்மர் கதவருகில் தொப்பியில்லாமல் நின்றார்.

"லைல் இப்ப எவ்வளவு நல்லாத் தட்டறார் பாத்தீங்களா டெல்? கேட்டுக்கிட்டுதானே இருக்கீங்க?"

"இல்ல" என்றார் டெல்மர். "நான் இப்பல்லாம் கேக்கறதில்ல."

 டுவைட் கையிலிருந்த தாளில், இந்த வீட்டில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போனான்.